பொய்யை நம்பாத யானை

அந்தக் குறுந்தகட்டின் மேல் மச்சாள் கறுப்பு மார்க்கர் பேனையால் ஒரு யானை வரைந்திருக்கிறாள். யானை என்று சொன்னது அவள் ஒருத்திதான். பார்த்தவர்கள் எல்லோரும் கழுதை என்றார்கள். மன்னார்ப் பேருந்து நிலையத்தில் நிற்கும் கழுதைகளில் ஒன்றைப் பிடித்து அதன் மூக்கில் ஒரு துண்டுக் கயிற்றைக் கட்டிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கும் அந்தப் படம். காதை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே ‘தொடாதே’ என்று எழுதி இரண்டு கோடும் இழுத்திருக்கிறாள். இன்று என் மேசையில் உள்ள கணினியில் தகடு போடுவதற்கு ஒரு வாய் கூட இல்லை. உள்ளே இருப்பது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வழியும் இல்லை. ஆனாலும் மேசை லாச்சியை இழுத்துத் துப்புரவு செய்யும் ஒவ்வொரு முறையும் அதை எடுத்துத் தூசு தட்டி, திரும்ப அதே இடத்தில் வைக்கிறேன்.

மச்சாள் என் அம்மாவின் தமையன் மகள். அவள் வங்காலை, நான் தோட்டவெளி. ஒரே வயது. பள்ளி விடுமுறை என்றால் ஒன்றில் அவள் எங்கள் வீட்டில் இருப்பாள், இல்லாவிட்டால் நான் மாமா வீட்டில் இருப்பேன். அவளுடைய வாயில் அதிகம் வந்த சொல் ‘மாட்டன்’ என்பதுதான். கோயில் பாடகர் குழுவில் அவளுடைய குரல் மற்றவர்களை அமுக்குகிறது, கொஞ்சம் குறைத்துப் பாடு என்று பாட்டு மாஸ்டர் சொன்னபோது, “மாட்டன் மாஸ்டர். ஆண்டவருக்குக் காது கேக்கும். பின் வாங்கில இருக்கிறவைக்குத்தான் கேக்காது, அவைக்காகத்தான் பாடுறன்” என்றாள். குழுவிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு அவள் பின் வரிசை வாங்கில் போய் இருந்துகொண்டு அங்கிருந்து பாடினாள். இப்படி ஒருத்தியோடு வளர்ந்தால் மனிதருக்கு இரண்டில் ஒன்று நடக்கும்: பயம் தெளியும், அல்லது தலையிடி வரும். எனக்கு இரண்டும் நடந்தது.

அவளை வெள்ளாங்குளப் பக்கத்துக் கரையில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசாத மனிதர். அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டாள். பிறகு சண்டை அந்தக் கரையைத் தள்ளிக்கொண்டு போனது. ஊர் ஊராகப் பெயர்ந்து, கடைசியில் எல்லோரும் போய்ச் சேர்ந்த அந்தச் சின்ன மணல் துண்டு வரைக்கும் போனார்கள். அங்கிருந்து வெளியே வந்தபோது இரண்டு பேரும் உயிரோடு வந்தார்கள். முகாமுக்கு ஏற்றும் இடத்தில் ஆண்களில் சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவரையும் கூப்பிட்டார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்து, “தண்ணிப் போத்திலைப் பத்திரமா வைச்சிரு, இப்ப வாறன்” என்று சொல்லிவிட்டு நடந்து போனார். இதை மச்சாள் எத்தனையோ பேரிடம், எத்தனையோ அரசாங்கக் கந்தோரில் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை கூட ஒரு சொல் மாறியதில்லை.

முகாமிலிருந்து விட்டு மீள்குடியேற்றம் என்று கொண்டுபோய் இறக்கியபோது அவளுடைய வளவில் ஒரு கிணறும் எருக்கலையும்தான் மிச்சம் இருந்தன. தகரம் கொடுத்தார்கள். கொட்டில் போட்டாள். அந்த நாட்களில் வீட்டுத் திட்டங்களுக்காகக் குடும்ப விபரங்களைக் கணினியில் ஏற்றுவதற்கு மன்னாரில் ஒரு நிறுவனம் ஆள் எடுத்தது. நான் ஆறு மாதக் கணினி வகுப்பு ஒன்று முடித்திருந்தேன், எனக்கு வேலை கிடைத்தது. மச்சாள் உயர்தரம் எடுத்தபின் தட்டச்சுப் படித்தவள், கை வேகம். நான் சொல்லி அவளையும் எடுத்தார்கள். கிழமை நாட்களில் எங்கள் வீட்டில் நின்று வேலைக்கு வருவாள், சனி ஞாயிறு தன் கொட்டிலுக்குப் போவாள். “அவர் வந்தா கொட்டில் பூட்டிக் கிடக்கக்கூடாதடி” என்பாள். நாங்கள் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து மற்றவர்களின் வாழ்க்கையைத் தட்டினோம்.

நாங்கள் தட்டிய கணினி நிரலைக் கொழும்பில் ஒரு கொம்பனி எழுதிக் கொடுத்திருந்தது. ஆங்கிலம் மட்டும். பெயருக்கு முன்னால் தகப்பனின் பெயருக்கு ஒரே ஓர் எழுத்துத்தான் போடலாம். அடையாள அட்டை இலக்கம் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. போர் முடிந்து வந்த சனத்திடம் அடையாள அட்டையைக் கேட்டால் எங்கே போவது? அது கடலுக்குள் கிடக்கும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் கிடக்கும். அதனால் அட்டை இல்லாதவர்களுக்கு இலக்கம் இருக்க வேண்டிய இடம் முழுக்கப் பூச்சியம் அடிக்கும்படி எங்களுக்குச் சொன்னார்கள். அடித்தோம். ஊர் ஊராகப் பூச்சியம் அடித்தோம். அதில் ஒரு வினை இருக்கிறது என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

ஒரு காலை வேலைக்கு வந்தபோது, ஒருவரையே இரண்டு தரம் பதிந்ததையெல்லாம் கொழும்பில் சேர்த்து ஒன்றாக்கிச் சுத்தப்படுத்திவிட்டதாகச் சொன்னார்கள். மச்சாள் வழக்கம்போல முதலில் தன்னுடைய பதிவைத் திறந்து பார்த்தாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி இருந்தவள், அதை மேசையில் வைக்க மறந்து அப்படியே இருந்தாள். “எடி, இஞ்சை பார். நான் கைம்பெண்ணாம்” என்றாள். திரையில் அவளுடைய கணவரின் பெயர், ஊர், பூச்சியங்கள், அதற்குப் பக்கத்தில் ‘இறந்தவர்’. ஒரு திகதியும் இருந்தது.

அந்தத் திகதி எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு உடனே விளங்கியது. எங்கள் கரைப் பக்கத்தில் மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயரை வைப்பது வழக்கம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மூத்தது ஆண் பிள்ளையாகப் பிறந்தால், ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் ஓடித் திரிவார்கள். மச்சாளின் கணவருக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் அப்படி ஒரே பெயர். தகப்பன்மாரின் பெயர்களும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கின. ஒரே ஊர், ஒரே பூச்சியம். பெரியப்பா மகன் கடைசி மாதங்களில் செல் குண்டு பட்டு, பலர் பார்க்க அடக்கம் செய்யப்பட்டவர். நிரல் இரண்டு பேரையும் ஓர் ஆளாக்கி, அவருடைய சாவைத் தூக்கி இவருக்குக் கொடுத்துவிட்டது. அவருடைய மனைவியின் பதிவையோ காணவே இல்லை. அந்தப் பெண் கணினிக்குள் எங்கேயோ மச்சாளுக்குள் கரைந்து போயிருந்தாள்.

மச்சாள் நேரே நிறுவனத்தின் இணைப்பாளரிடம் போனாள், நானும் பின்னால் போனேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாகப் பேசுவார், எல்லோரையும் இருக்கச் சொல்வார். அந்தப் பெண்ணின் பதிவைத் திரும்பப் போடலாம் என்றார். மச்சாளின் பதிவைப் பற்றிக் கேட்டபோதுதான் குரலைத் தணித்தார். “தங்கச்சி, இந்தப் புரோகிராமில ரெண்டு தெரிவுதான் இருக்கு. உயிரோட இருக்கிறார், இல்லாட்டி இறந்திட்டார். உயிரோட எண்டா அவர் வந்து கையெழுத்து வைக்கவேணும். மற்றது எண்டா நீங்கள் இறப்புப் பத்திரம் ஒண்டை எடுத்துத் தாங்கோ, முதல் லிஸ்டிலயே வீடு வரும். உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

“நான் கண்டது அவர் நடந்து போனதை” என்றாள் மச்சாள். “செத்ததைக் கண்ட ஆள் ஆரும் இருந்தா கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்த ஆளின்ர முகத்தைப் பாத்துப்போட்டுக் கையெழுத்து வைக்கிறன்.”

“அப்ப நான் எதைப் போடுறது?”

“தெரியாது எண்டு போடுங்கோ. அதுதானே உண்மை.”

“அதுக்கு இதில இடமில்லைத் தங்கச்சி.”

என் வாழ்க்கையில் எனக்கு வந்த கோபங்களில் அதுதான் பெரியது. யாரோ ஒருவர், எங்கள் கரையை ஒருமுறையும் காணாதவர், குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு மனிதருக்கு இரண்டு நிலை போதும் என்று முடிவு செய்துவிட்டார். அதை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா என்றால், நிரல் கொம்பனியின் சொத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இணைப்பாளருக்கே உரிமை இல்லையாம். பத்திரம் கொடுத்தால் வீடு, கொடுக்காவிட்டால் தகரம். ஒரு பெண்ணிடம் புருஷனைக் கொடுத்துவிட்டு வீட்டை வாங்கிக்கொள் என்று கேட்பதற்கு இப்படியும் ஒரு நாகரிகமான வழி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். மச்சாள் வேலையை விட்டாள். மாத முடிவில் நானும் விட்டேன். வீட்டில் எனக்கு விழுந்த ஏச்சுக்கு அளவில்லை.

தோட்டவெளிக்குப் போகும் பேருந்தில்தான் நான் அவளுக்கு அதைச் சொன்னேன். கணினி வகுப்பில் மாஸ்டர் ஒருநாள் போகிற போக்கில் சொன்ன விஷயம். தரவுகளை வைத்திருக்கும் பெரிய நிரல்கள் சில திறந்த மூலமாக, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று இருக்கின்றன, சும்மா கிடைக்கின்றன என்றேன். அவள் முகத்தைச் சுளித்தாள். “சும்மா கிடைக்கிறதை வாங்கி வாங்கிக் கை மரத்துப் போச்சு. எனக்கு அது வேண்டாம். உள்ளுக்குத் திறந்து பாக்கலாமோ, அதைச் சொல்லு” என்றாள். பார்க்கலாம், விரும்பினால் மாற்றலாம் என்றேன். அவள் அதன்பின் இறங்கும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. மச்சாள் பேசாமல் இருந்தால் ஏதோ ஒன்று தீர்மானமாகிவிட்டது என்று அர்த்தம்.

அவளுடைய ஊர் மாதர் சங்கத்தில் அவளைப் போலக் காத்திருந்த பெண்கள் பலர் இருந்தார்கள். எங்கள் விபரத்தை நாங்களே வைத்திருப்போம், கேட்கிறவர்களுக்கு நாங்களே கொடுப்போம் என்று அங்கே பேசி முடிவெடுத்தார்கள். மன்னாரில் பங்குத்தந்தை, திருவிழாச் சோடனைச் சாமான் வைக்கும் ஓர் அறையை ஒதுக்கித் தந்தார். யாரோ கொடுத்த பழைய கணினி ஒன்றும் அங்கே கிடந்தது. உப்புக் காற்றில் அதன் பெட்டி துருவேறி, தொட்டால் கையில் செம்மண் மாதிரி ஒட்டும். காகிதத் தோரணங்களுக்கும் வெளிச்சக் கூடுகளுக்கும் நடுவில் மேசையைப் போட்டோம். “பாவிச்சுப் பாருங்கோ பிள்ளையள். எரிஞ்சாலும் பரவாயில்லை, கோயில் எரியாமல் பாத்துக்கொள்ளுங்கோ” என்றார் பாதர்.

இனி எதை எடுப்பது? இரண்டு பேரும் இந்த விஷயத்தில் கைக்குழந்தைகள். இணையக் கடையில் போய் இருந்து, புதியவருக்கு எந்தத் தரவுத்தளம் நல்லது என்று தேடினேன். உலகம் முழுக்க அதைப் பற்றித்தான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் வேகம் என்றார். இன்னொருவர் கோடிக்கணக்கான பதிவுகளைத் தாங்கும் என்றார். எங்களிடம் இருந்தது ஒரு கரையோர ஊரும் பக்கத்து இரண்டு ஊரும்தான், கோடிக்கு நாங்கள் எங்கே போவது? புதியவர்கள் இலகுவானதை, எல்லோரும் பாவிப்பதை எடுக்கட்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அந்த எல்லோரும் பாவிப்பதற்கு அடையாளமாக ஓர் ஓங்கில், அதுதான் டொல்பின், படம் போட்டிருந்தது. இன்னொன்றுக்கு இறகு. மூன்றாவதுக்கு யானைத் தலை. மூன்றையும் இறக்கி, மூன்று தகட்டில் பதிந்துகொண்டு வந்தேன்.

மச்சாளுக்கு ஓங்கிலில்தான் ஆசை. “அது எங்கட ஆள்” என்றாள். “யானையைக் கொண்டுவந்து வெள்ளாங்குளத்தில காட்டிப் பார், சனம் தீப்பந்தத்தோட வரும்.” எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கடற்கரைச் சனத்துக்குக் கடல் மிருகம், எல்லோரும் சொல்வதும் அதுதான், முடிந்தது கதை. ஆனால் தகட்டைப் போடுவதற்கு முன் அவள் என் கையைப் பிடித்தாள். “பொறு. மூண்டையும் போடு. மூண்டுக்கும் நான் பொய் சொல்லிப் பாக்கிறன். எது என்னை நம்புதோ, அது எங்களுக்கு வேண்டாம்.”

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஒரு தரவுத்தளத்தை அப்படித் தெரிவு செய்யச் சொல்லி இல்லை. அவளுக்கு அனுபவம் இருந்தது. பொய்யை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு நிரல் அவளை என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் நான் சின்ன அட்டவணை ஒன்று கட்டிக் கொடுத்தேன்: பெயர், ஊர், இறந்த திகதி. அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பொய் சொல்லத் தொடங்கினாள்.

இறகு எதையும் கேட்டுக்கொண்டது. திகதி இருக்க வேண்டிய இடத்தில் ‘நாளைக்கு’ என்று அடித்தாள், சரி என்றது. ‘கத்தரிக்காய்’ என்று அடித்தாள், அதற்கும் சரி என்றது. ஓங்கிலிடம் பெப்ரவரி முப்பதாம் திகதியைக் கொடுத்தாள். அது ஏதோ முணுமுணுத்துவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் வருடம் பூச்சியம், மாதம் பூச்சியம், நாள் பூச்சியம். திகதியை எழுதாமல் வெறும் மேற்கோள் குறி மட்டும் போட்டுப் பார்த்தாள், அதற்கும் அதே பூச்சியங்கள். மச்சாள் திரையைக் கையால் மறைத்தாள். “இதுவும் பூச்சியம் அடிக்குதடி” என்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்து, அதை அப்போதே நிறுத்தினேன்.

நியாயமாகச் சொல்வதென்றால், பிழை அவற்றில் இல்லை. முறைப்படி கட்டளை கொடுத்தால் அவையும் கண்டிப்பாக நடந்துகொள்ளும் என்று பின்னர் படித்தேன். அந்த ஓங்கிலும் பிந்திய காலத்தில் தானாகவே கண்டிப்பானதாக மாறிவிட்டது. நாங்கள் ஒன்றையும் மாற்றத் தெரியாமல், பெட்டியைப் பிரித்தபோது இருந்தபடியே வைத்துப் பார்த்தவர்கள். ஆனால் அன்றைக்கு எங்களுக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தை இன்றும் விட மாட்டேன். புதியவருக்கு இலகுவானதைக் கொடு என்கிறார்கள், நான் மறுக்கிறேன். புதியவர்தான் பிழை விடுவார். பிழையை விழுங்கிக்கொண்டு சிரிக்கிற ஒன்றை அவர் கையில் கொடுத்தால், அவர் பிழையோடு வளர்வார். முகத்துக்கு நேரே மறுக்கிற ஒன்றுதான் அவருக்கு வேண்டும். இதைச் சொல்லி இணையத்தில் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன், இன்னும் வாங்கிக் கட்டத் தயார்.

கடைசியாக யானை. போஸ்ட்கிரெஸ் என்று பெயர், வாயில் நுழையவில்லை. மச்சாள் பெப்ரவரி முப்பதைக் கொடுத்தாள். பிழை என்று எழுதி, வாங்க மறுத்துவிட்டது. வெறும் மேற்கோள் குறியைக் கொடுத்தாள். இது திகதியே இல்லை என்றது. ‘கத்தரிக்காய்’ என்றாள். அதற்கும் அதே பதில். அவள் விடவில்லை, இது விடவில்லை. சந்தையில் இரண்டு பெண்கள் விலை பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு நான், திகதி தெரியாது என்பதை எப்படி எழுதுவது என்று, இணையக் கடையில் அச்செடுத்து வந்த தாளைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தேன். பூச்சியமும் இல்லை, வெற்றெழுத்தும் இல்லை, ‘இது எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்வதற்கென்றே தரவுத்தளங்களில் ஒரு சொல் இருக்கிறது. அதை அடித்தாள். யானை சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. திறந்து பார்த்தோம். பெயர், ஊர், அதற்குப் பக்கத்தில் வெறும் இடம்.

மச்சாள் கதிரையில் சாய்ந்து சிரித்தாள். முகாமிலிருந்து வந்தபின் அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். “எடி, இது என்னைப் போல. மாட்டன் எண்டு சொல்லுது. ஆனா தெரியாது எண்டு சொன்னா விளங்கிக்கொள்ளுது. இவ்வளவு கந்தோரிலயும் ஒருத்தருக்கும் விளங்கேல்லை” என்றாள். அன்றைக்குத்தான் மார்க்கர் பேனையை எடுத்து அந்தத் தகட்டில் படம் வரைந்தாள். மற்ற இரண்டு தகடுகளையும் திருவிழாச் சோடனையோடு நூலில் கட்டித் தொங்கவிட்டோம். வெயிலில் நன்றாக மின்னின.

அதன்பின் அட்டவணையைக் கட்டும் வேலை. ஆளுக்கு ஓர் எண், அது நாங்கள் கொடுப்பது. அடையாள அட்டை இல்லாதவருக்கு அந்த இடம் வெறுமையாகவே இருக்கலாம், பூச்சியத்தால் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்ளத் தேவையில்லை. தகப்பனின் முழுப் பெயர், தமிழில். கடைசியாகக் கண்ட இடம். கடைசியாகக் கண்டவர். இவற்றையெல்லாம் அவள்தான் சொன்னாள், நான் கட்டினேன். இறந்த திகதிக்கு வந்தபோது, “ஒண்டு கேக்கிறன். திகதியை ஆரும் சும்மா எழுதேலாமல் செய்யேலுமோ? செத்துப்போனார் எண்டு எழுதிற ஆள் தன்ர பேரையும் எழுதட்டும். பேர் இல்லாட்டித் திகதி ஏறக்கூடாது” என்றாள். செய்யலாம் என்று தாளில் இருந்தது. அந்த ஒரு வரியைச் சரியாக எழுத நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மின்சாரம் வேறு போய்ப் போய் வரும். ஒருவழியாக எழுதி முடித்தேன். அந்த இடத்துக்கு ‘சொன்னவர் பெயர்’ என்று பெயர் வைத்தோம்.

முதல் பதிவு தன்னுடையதாக இருக்கக் கூடாது என்றாள். கணினிக்குள் காணாமல் போன அந்தப் பெண்ணை, பெரியப்பா மகனின் மனைவியை, வரச் சொல்லி முதலில் பதிந்தோம். தன் கணவர் இறந்ததைக் கண்ணால் கண்டவள் அவள். திகதியை அடித்தபின் ‘சொன்னவர் பெயர்’ என்ற இடத்துக்கு வந்து நின்றேன். அவள் என்னைப் பார்த்து, “என்ர பேரையோ போடவேணும்?” என்று கேட்டாள். கட்டாயம் இல்லை, விருப்பமில்லாவிட்டால் திகதியையும் வெறுமையாக விடலாம் என்றாள் மச்சாள். அவள் யோசித்துவிட்டு, “நான்தான் மண் போட்டனான். என்ர பேரையே போடுங்கோ” என்றாள். நாங்கள் விதித்த விதி ஒருவரிடம் எவ்வளவு கேட்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்ததாக மச்சாளின் கணவர். அதே பெயர், வேறு எண், வேறு மனிதர். கடைசியாகக் கண்டவர்: மச்சாள். இறந்த திகதி: தெரியாது. அவள் தானே அடித்தாள்.

சில மாதங்களில் எங்கள் விபரம்தான் திருத்தமானது என்ற கதை மன்னார் முழுக்கப் பரவியது. புதிய வீட்டுத் திட்டம் ஒன்றுக்காக அதே இணைப்பாளர் எங்கள் அறைக்கு வந்தார். பாராட்டினார். தரவுத்தளத்தின் பெயரைக் கேட்டு, “அது பெரிய கொம்பனியள் பாவிக்கிறது, உங்களுக்கு ஏன் இந்தக் கஷ்டம்? எக்செலே போதுமே” என்று சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். காணாமல் போனவர்களின் பதிவில் இந்த வெறும் இடங்கள் இருந்தால் மேலே கேள்வி வரும், ஏதாவது ஒரு திகதியைப் போட்டுவிட்டால் எல்லோருக்கும் கெதியில் வீடு வந்துவிடும் என்றார். மச்சாள் விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“போடுங்கோ சேர்.”

அவர் ஒரு திகதியை அடித்தார். யானை ஏற்கவில்லை. என்ன கேட்கிறது என்று எங்களைப் பார்த்தார்.

“சொன்னவர் பெயர் கேக்குது. உங்கட பேரைப் போடுங்கோ.”

“என்ர பேர் எதுக்கு? நான் காணேல்லைத்தானே.”

“அதைத்தான் நாங்களும் சொல்லுறம்” என்றாள் மச்சாள்.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, வெறும் இடங்களோடு அப்படியே பிரதி எடுத்துத் தரச் சொன்னார். அதை மேலே கொடுத்து அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் திட்டத்தில் சிலருக்கு வீடு வந்தது. மச்சாளுக்கு வரவில்லை. மேலும் பல மாரிகளைத் தகரத்துக்குக் கீழேதான் கழித்தாள். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று அதற்கு மேலே சத்தம் போட்டுப் பேசிப் பழகி, பிறகு வேறொரு திட்டத்தில் வீடு வந்தபின்னும் அதே சத்தத்தில்தான் பேசினாள். புதிய வீட்டுக் கதவுக்கு இரண்டு சாவி செய்வித்தாள். ஒன்றைக் கடைசி வரைக்கும் யாருக்கும் கொடுக்கவில்லை.

போன வருடம் மச்சாள் போய்விட்டாள். புற்றுநோய். மருத்துவமனையில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான். அடக்கம் முடிந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்தபின் அறைக்குப் போனேன். இப்போது அது சோடனை அறை இல்லை, கதவில் சங்கத்தின் பெயர்ப் பலகை இருக்கிறது. கணினி எத்தனையோ தரம் மாறிவிட்டது, யானையும் எத்தனையோ பதிப்பு ஏறிவிட்டது. நாங்கள் எழுதிய அந்த விதி மட்டும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறது. மச்சாளின் பதிவைத் திறந்து திகதியை அடித்தேன். ஏறவில்லை. வேண்டுமென்றுதான் பெயரில்லாமல் அடித்துப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அது மாட்டேன் என்று சொல்வதை ஒருமுறை பார்க்க வேண்டும் போல் இருந்தது. பிறகு சொன்னவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் கனத்தது. அழுதேன்.

மச்சாளின் தம்பி என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவனும் களைத்துப் போயிருந்தான். “அக்காவும் போயிட்டா. இனி ஆர் இருக்கினம்? அத்தானுக்கும் ஒரு திகதியைப் போட்டு முடிச்சு விடுங்கோ மச்சாள்” என்றான். அவனுக்கு நான்தான் மச்சாள். நான் அவருடைய பதிவைத் திறந்தேன். விசைப்பலகையை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். அவன் குனிந்து திரையை வாசித்தான். கடைசியாகக் கண்டவர் என்ற இடத்தில் அவனுடைய அக்காவின் பெயர் இருந்தது. சொன்னவர் பெயர் என்ற இடம் அவனுக்காகத் திறந்திருந்தது. அவன் நிமிர்ந்து, “வேண்டாம், விடுங்கோ” என்றான்.

விட்டேன். அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது, நான் இருக்கும் வரைக்கும் இருக்கும். எனக்குப் பின்னும் யாராவது அதை நிரப்ப வந்தால், யானை அவர்களிடம் பெயர் கேட்கும். போன கிழமை லாச்சியைத் துப்புரவு செய்தபோது, சங்கத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த பெண் அந்தத் தகட்டைக் கையில் எடுத்து, “என்னக்கா, கழுதைப் படமெல்லாம் வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டாள். அதை வாங்கித் தூசு தட்டினேன். அது யானைதான், தங்கச்சி. சொன்னவர் பெயர் எனக்குத் தெரியும்.